கணித வகுப்பும் திறன் வேறுபாடும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. ஆயினும், இடைநிலை வகுப்புக்களிலே மாணாக்கர் பலர் எண் என்னுங் கண்ணை மூடிக்கொண்டே காலங்கழிக்கின்றனர். ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்னும் ஒரு சொல்லே அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கிவிடுகின்றது. வயதால் ஒத்தவர் ஆற்றலாலும் ஒத்தவராயிருப்பர் எனக் கருதிப் பாடம் நடத்துவதே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதற்குச் சான்றுண்டு. இங்கிலாந்திலே கணிதக் கல்வியை ஆராய்ந்த கொக்குரொவ்ற் குழு 1982ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 6399 என்பதிலும் ஒன்று கூடிய எண்ணை எழுதும் ஆற்றல் சராசரிப் பிள்ளைக்குப் பதினோராம் வயதில் வாய்க்கின்றது; ஏழு வயதிலேயே அதனைச் செய்வோரும் உளர்; பதினான்கு வயதிலும் செய்யவியலாதோரும் உளர் என அது கூறிற்று. எனவே, ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இருவரிடையே பல்லாண்டுத் தூரம் இருத்தல் கூடும்.

மாணாக்கரைத் திறன்வாரியாகப் பிரித்துவிடுதல் எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால், பிரித்த வகுப்பினுள்ளும் வேறுபாடு ஒழிவதில்லை. கீழ்ப்பிரிவில் இடப்பட்டவனோ தன்னைத் தானே தாழ்வாக மதிக்கத் தலைப்படுகின்றான். ஆகவே, மாணாக்கரைப் பிரிப்பதினும் அனைவரும் தத்தமக்கியன்ற படியில் நின்று விடைகாணத்தக்க வினாவை அமைத்தலே சிறந்ததாகும்.

உதாரணமாக, 24 மீற்றர் வேலியால் செவ்வகத் தோட்டமொன்றை அடைக்க வேண்டும். நிலம் மிகப் பெரிதாய் அமைய நீள அகலங்கள் யாவை என்று வினவலாம். மெல்லக் கற்போன் கட்டமிட்ட தாளிலே வடிவங்களை வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பளவு காண்பான். அடுத்தவன் 11, 20, 27, 32, 35, 36 என அட்டவணை அமைத்து, உயர்ச்சி 9, 7, 5, 3, 1 எனக் குறைந்து செல்வதைக் காண்பான். வல்லவனோ, ஒரு பக்கம் ஆறிலும் எவ்வளவு கூடுகின்றதோ மற்றையது அவ்வளவு குறையும் எனக் கண்டு, பரப்பளவு 36இலிருந்து அவ்வேறுபாட்டின் வர்க்கத்தைக் கழித்ததாகும் என அட்சரகணிதத்தால் நிறுவுவான். சதுரமே மிகப் பெரிதென்னும் முடிவு மூவர்க்கும் பொதுவாகும்.

விரைந்து முடித்தவனுக்கு அதே இனக் கணக்குகளை மேலும் பத்துக் கொடுத்தல் தண்டனையாக முடியும். ஒரு புறத்தில் மதில் இருப்பின் யாதாகும் என வினவினால், 12க்கு 6 என்னும் செவ்வகத்தையும் 72 சதுர மீற்றரையும் அவன் தானே கண்டு மகிழ்வான்.

மெல்லக் கற்போனின் பிழையும் ஆராயத்தக்கது. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என எழுதியவன் சிந்தியாதவனல்லன். ஒன்றினிடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துள்ளான். கொப்பியிலே சிவப்புக் கோடிடுவதனால் அவன் யாதுங் கற்கமாட்டான். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தால் உண்மையைத் தானே உணர்வான்.

கணித ஆசிரியரின் வெற்றியை அதிவிசேட சித்திகளின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனும் ‘இதனை நானே கண்டேன்’ எனச் சொல்லும் நாளே அவ்வாசிரியர் பணி நிறைவெய்தும் நாளாகும்.