வெயிலில் முதல் போட்டவர்

சினிமாக் கொட்டகையிலிருந்து வீடு திரும்புகையில் நாம் நடிகர்களைப் புகழ்கிறோம், பாட்டுக்களை முணுமுணுக்கிறோம். படமுதலாளியை நினைப்பார் இல்லை. பணப்பெட்டியைத் திறப்பதன்றி அவருக்கு வேறென்ன வேலை என்று எண்ணிவிடுகிறோம்.

விருதுநகர்ச் சீமையில் அப்படி எண்ண மாட்டார்கள். மழை குறைந்த அந்தப் பூமியின் வெயிலை நம்பியே சிவகாசியில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. ஆண்டெல்லாம் உழைத்துச் செய்த சரக்கு தீபாவளிக்குக் காத்திருக்கிறது. அன்று மழை கொட்டினால் முதல் போட்டவரின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை அவ்வூரார் நன்கறிவர்.

அந்த வெயிலையே கதையாக்கினார் விருதுநகர்க்காரரான ஸ்ரீ வசந்தபாலன். தகப்பனார் சுடுவெயிலில் தண்டிக்க, வீட்டைவிட்டு ஓடிய சிறுவன் வேற்றூர்க் கொட்டகையில் படம் ஓட்டுபவனாகிறான். முடிவில் தோற்று, வெறுங்கையுடன் திரும்புகிறான். தோற்றவன் கதைக்கு யார் பணம் போடுவார்? வசந்தபாலனின் முதற்படம் 'ஆல்பம்' வெளியானதோ 2002-இல்.

போட்டவர், அவருக்குத் தொழில் கற்பித்த டைரக்டர் ஸ்ரீ ஷங்கர். பிரம்மாண்டத்துக்குப் பெயர் போன அவர், தம் 'எஸ் பிக்சர்ஸ்' சார்பில் எளிய குடும்பத்தின் கதையைத் துணிந்து எடுத்தார். சங்கீதமும் புதியவரான ஜி. வி. பிரகாஷ் குமாருடையது. 2006-இல் வெளியான 'வெயில்', சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 2007-இல் பிரான்ஸ் தேசத்துக் கான் விழாவிலும் காட்டப்பட்டது.

பின்னர் 2023-இல் வெளிவந்த 'அநீதி'க்கு, வசந்தபாலனும் அவருடைய விருதுநகர்ப் பள்ளித் தோழர்களுமே படமுதலாளிகளாயினர்!

பணம் பலரிடம் உண்டு. பிறர் கதையை நம்பும் நெஞ்சு சிலரிடமே உண்டு. இனித் திரையில் படமுதலாளியின் பெயர் தோன்றும்போது, நேயர்கள் அதையும் ஒரு கணம் படிப்பார்களாக.