பேரணாம்பட்டிலிருந்து மிலானுக்கு, மறுபடியும்

பேரணாம்பட்டில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ போக வேண்டும். ஊரைத் தாண்டிப் பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறினால் ஆந்திரத்து வி.கோட்டா வந்துவிடும். இப்படி மலையோரமாக ஒதுங்கிக் கிடக்கும் ஊரைச் சுற்றியுள்ள தோல் வட்டாரத்தில், இத்தாலியின் மிலான் நகரத்துக்கு ஆண்டு தவறாமல் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். மெட்ரோவின் சிவப்பு வழித்தடத்தில் ஏறி ரோ என்ற நிலையத்தில் இறங்கினால் கண்காட்சி வளாகம் என்பது அவர்களுக்குப் பழகிப்போன வழி.

அந்த வளாகத்தில் பிப்ரவரி வாக்கில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை ‘லீனியாபெல்லே’ என்ற தோல் சந்தை கூடுகிறது. முன்பு போலோன்யா நகரில் நடந்தது. 2014இல் மிலானுக்கு வந்துவிட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்து உற்பத்தியாளர்கள் சரக்கைக் காட்டவும், அடுத்தவர் சரக்கைப் பார்க்கவும் அங்கே போகிறார்கள். பார்த்த ஊரையே மறுபடி மறுபடி பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று வெளியார் கேட்கலாம். இத்தனைக்கும் இந்த உற்பத்தியாளர்களின் தாத்தா காலத்தில் இந்தப் பயணத்துக்குத் தேவையே இருக்கவில்லை.

அன்றைய சரக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. தோல். ‘ஈஸ்ட் இந்தியா’ என்பதன் சுருக்கம் அது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கட்டுக்கட்டாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி லண்டனுக்குப் போய் ஏலத்தில் விலைபோகும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுகளுக்கு இந்தத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது. பாதிப் பதத்தில் அனுப்பிய தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுவது அங்குள்ளவர்கள் வேலை. இங்கிருந்து அனுப்பியவருக்கு ஐரோப்பியப் பெண்கள் வருகிற குளிர்காலத்தில் எந்த நிறத்தில் செருப்பு போடுவார்கள் என்ற கவலை எதற்கு?

1972இல் சீதாராமையா குழு அறிக்கை வந்தது. பச்சைத் தோலையும் பாதிப் பதமான தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்யாமல், முழுதாகப் பதனிட்டு, ஷூவாகவும் பையாகவும் தைத்து அனுப்ப வேண்டும் என்ற திசையில் அரசின் கொள்கை திரும்பியது. இந்த வட்டாரத்தில் ஷூ கம்பெனிகள் பெருகியது அதற்குப் பிறகுதான். இத்தாலிப் பயணங்களின் வேரும் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. பாதிச் சரக்கை விற்கிறவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். முழுச் சரக்கை விற்கிறவர் வாங்குகிறவரின் ரசனையைத் தேடிப் போயாக வேண்டும்.

அந்த ரசனை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2024 செப்டம்பர் சந்தையில் விரித்து வைக்கப்பட்டவை 2025-26 குளிர்காலத்துக்கான தோல்கள். ஓராண்டு முன்னால் ஓடுகிற வியாபாரம் இது. இந்த முறை பார்த்துவந்த நிறம் அடுத்த முறை பழசாகியிருக்கும்.

சரி, புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளலாமே? இங்கேதான் தோல் மற்ற சரக்கிலிருந்து வேறுபடுகிறது. பதனிட்டு உலர்த்திய, இன்னும் ஃபினிஷிங் ஏறாத ஒரே ‘க்ரஸ்ட்’ தோலை ஃபினிஷிங் மாற்றி மாற்றிப் பத்து விதமாக்கலாம். மெழுகு பூசினால் ஒன்று, எண்ணெய் ஏற்றினால் இன்னொன்று, டிரம்மில் இன்னும் சில மணி நேரம் சுற்றவிட்டால் வேறொன்று. நல்ல வாங்குபவர் தோலை முதலில் கண்ணால் பார்ப்பதில்லை. விரலிடையில் பிடித்து மடிக்கிறார், இழுக்கிறார், சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கிறார், முகர்கிறார். நிறமோ விளக்குக்கு விளக்கு மாறும். டேனரியின் டியூப்லைட் வெளிச்சத்தில் மாதிரியோடு அச்சாகப் பொருந்திய பழுப்பு, மிலானின் பகல் வெளிச்சத்தில் செம்மை காட்டும். அந்தச் சிறு வேறுபாட்டுக்காக ஒரு முழு ஆர்டர் திரும்பி வரலாம். எதிரெதிரே உட்கார்ந்து, இருவர் விரலும் ஒரே துண்டின் மேல் இருக்கும்போது தீர்கிற விஷயம் இது.

2020 பிப்ரவரியில் சந்தை 19 முதல் 21 வரை நடந்தது. மிலானுக்குத் தென்கிழக்கே உள்ள கொதோன்யோ என்ற சிற்றூரில் கொரோனா நோயாளி ஒருவர் கண்டறியப்பட்ட செய்தி வெளியானது அதே நாட்களில்தான். பிறகு உலகமே கதவடைத்துக்கொண்டது. மாதிரித் துண்டுகள் கூரியரிலும் பேச்சு வீடியோவிலும் ஓடின. கதவு திறந்ததும் பெட்டியோடு கிளம்பியவர்களைப் பார்த்தால், வீடியோவால் ஆனதும் ஆகாததும் எவ்வளவு என்பது விளங்கும்.

வியாபாரம் மட்டும் காரணமென்றால் சந்தை முடிந்த அன்றே விமானம் ஏறிவிடலாம். சிலர் இன்னும் உள்ளே போகிறார்கள். வடகிழக்கில் விச்சென்சா அருகே அர்சிஞானோ, டஸ்கனியில் ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே, தெற்கே சொலோஃப்ரா. இம்மூன்றும் இத்தாலியின் பெரிய தோல் வட்டாரங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துத் தோல் உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் இத்தாலியினுடையது. ஆனால் போய்ப் பார்த்தால் ராட்சத ஆலைகள் கண்ணில் படுவது குறைவு. அப்பன், மகன், பேரன் என்று நடத்தும் நடுத்தர டேனரிகளே அதிகம். சாந்தா குரோச்சேயின் மக்கள்தொகை சுமார் 15 ஆயிரம்தான். பேரணாம்பட்டை விடச் சிறிய ஊர்.

அர்சிஞானோவின் டேனரிகளில் பஞ்சாபிகளும் வங்கதேசத்தவரும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். உருதுவும் தமிழும் கலந்து பேசி வளர்ந்த நம் ஊர்க்காரருக்கு, ஐரோப்பாவின் நடுவே டிரம் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிவது சின்ன விஷயமா? வெளிநாடு என்ற கூச்சம் அங்கே பாதி உதிர்ந்துவிடுகிறது. மீதியை மூக்கு பார்த்துக்கொள்கிறது: சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை உலகெங்கும் ஒன்றே.

எதிர்த்திசையிலும் ஆட்கள் வருகிறார்கள். இத்தாலிய ஃபினிஷிங் நிபுணர்கள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆலைகளில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இத்தாலிய எந்திரம் வாங்கினால் அதைப் பொருத்தவும் ஆள் வர வேண்டும். அங்கே போய் அவர்கள் வீட்டில் உண்டவர், இங்கே வந்தவருக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார். தொழிலில் கடன் கொடுக்கும் நம்பிக்கை என்பது இப்படித்தான் வளர்கிறது.

இரண்டு வட்டாரங்களுக்கும் உள்ள ஒற்றுமையில் கசப்பான பக்கமும் ஒன்று உண்டு. அது ஆறு.

நம் பக்கத்துப் பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் அறிவார்கள். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்த வேலூர் வழக்கின் தீர்ப்பு அறிவித்தது. பேரணாம்பட்டு உட்படப் பல ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அப்படியும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே மாசைப் பற்றி மறுபடி தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. கிணற்று நீர் கெட்டுப்போன விவசாயிக்கு இடையில் ஒரு தலைமுறையே கழிந்துவிட்டது.

ஆர்னோக் கரையில் டேனரிகள் ஒன்றுகூடிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றன. பதனிடப் பயன்படுத்திய குரோமியக் கரைசலைத் தனியே சேகரித்து, ஒரு பொது ஆலையில் குரோமியத்தைப் பிரித்தெடுத்து, அதே டேனரிகளுக்குத் திருப்பித் தருகிறார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிடும் பழைய முறையைக் கைவிடாமல், அதற்கென 1994 முதல் கூட்டமைப்பு வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆவாரம்பட்டையை மறந்த ஊர்க்காரருக்கு இதைப் பார்க்க நெஞ்சு உறுத்தத்தான் செய்யும். அங்கும் எல்லாம் தூய்மை என்று நம்பிவிட வேண்டாம். சுத்திகரிப்புக் கசடின் சாம்பல் சாலைப் பணியில் கலந்தது குறித்து 2021இல் பெரிய விசாரணையே நடந்தது. அந்தத் தவறையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

போய்வருவது இனிச் சற்று எளிது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கான ஷெங்கன் விசா விதியைத் தளர்த்தியது. மூன்றாண்டுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை சென்றுவரக்கூடிய இரண்டாண்டு விசா கிடைக்கும். பிறகு ஐந்தாண்டுக்கும் கிடைக்கலாம். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை. பிப்ரவரிக்கு ஒன்று, செப்டம்பருக்கு ஒன்று என்று சென்னைக்கு அலைந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

அடுத்த பயணத்தில் முதலாளியும் டிசைனரும் மட்டும் போகாமல், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கும் பொறியாளர் ஒருவரையும் கூட்டிப்போகலாம். மிலானில் அவருக்கு வேலை இல்லை. நேராக சாந்தா குரோச்சேயில் இறக்கிவிட்டு, குரோமிய ஆலையின் கணக்கு வழக்கு வரை கேட்டுவரச் சொல்ல வேண்டும்: யார் பணம் போட்டார்கள், யார் நடத்துகிறார்கள், பங்கு கட்டாத டேனரியை என்ன செய்கிறார்கள் என்று.