படம் எப்படினு சொல்ல 3 நாள் காத்திருக்கணுமா?

"படம் எப்படி இருக்கு?" பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்து டீக்கடையிலும் சரி, சென்னை மாலிலும் சரி, வெள்ளிக்கிழமை ஆனால் இதே கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத் தடை வந்தால்?

2024 நவம்பர் 14-ல் சூர்யாவின் 'கங்குவா' வெளியானது. முதல் காட்சி முடிந்ததுமே யூடியூபில் நெகட்டிவ் விமர்சனங்கள் குவிந்தன. திட்டமிட்டே படங்களைக் காலி செய்கிறார்கள் என்று கொதித்தது தயாரிப்பாளர்கள் தரப்பு. தியேட்டர் வளாகத்தில் ரசிகர்களிடம் பேட்டி எடுக்க யூடியூபர்களை விடக் கூடாது என்றது. அடுத்து, படம் வெளியாகி 3 நாள்களுக்கு ஆன்லைன் விமர்சனங்களுக்குத் தடை கேட்டு, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

டிசம்பரில் வழக்கை விசாரித்த நீதிபதி சௌந்தர் தடை விதிக்க மறுத்துவிட்டார். விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம். அவதூறு என்றால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

முதல் 3 நாள் வசூல் தயாரிப்பாளருக்கு உயிர். குடும்பத்தோடு படத்துக்குக் கிளம்புபவருக்கோ டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் எல்லாமே மாத பட்ஜெட். காசு கொடுத்துப் பார்த்தவர் "பிடிக்கல" என்று சொல்வது அவர் உரிமை. நடிகரின் முகத்தையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுவது விமர்சனம் ஆகாது. க்ளைமாக்ஸை மட்டும் சொல்லிடாதீங்க மக்களே!