ரிம் பெரிதானால் பயணம் ஏன் கடினமாகிறது?

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அம்மாதங்களில் தார்ச்சாலைகளில் குழிகள் தோன்றும். கற்கள் பாவிய இடங்களில் சில கற்கள் மேலெழும்பியும் சில அமிழ்ந்தும் கிடக்கும். சயானிலிருந்து செம்பூர் செல்வதற்குள் ஒரு கார் எத்தனையோ முறை குலுங்குகிறது. ஆயினும் அக்குலுக்கலில் பெரும்பகுதி உள்ளே அமர்ந்திருப்பவரை வந்தடைவதில்லை. டயருக்குள் அடைபட்ட காற்று, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுதாங்கி ஆகிய மூன்றும் இடையில் நின்று அதனை வாங்கிக்கொள்கின்றன. இவற்றுள் சாலையின் அடியை முதலில் ஏற்பது காற்றே.

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் அதனைப் பெரிதாகப் பயன்படுத்தியவர் இலர். 1888இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டிக்காக இரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். கெட்டியான சக்கரத்தில் குலுங்கிச் சென்ற வண்டி மென்மையாக ஓடியது. தாராவியின் குறுகிய தெருக்களில் மூட்டை ஏற்றிச் செல்லும் கைவண்டி எழுப்பும் ஓசையையும், அதே தெருவில் செல்லும் மிதிவண்டியின் அமைதியையும் ஒப்பிட்டால் டன்லப் செய்த மாற்றம் விளங்கும்.

சக்கரம் பெரிதாக இருந்தால் பயணம் எளிதாகும் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்தில் உண்மை உண்டு. ஆட்டோரிக்‌ஷாவின் சக்கரம் ஏறத்தாழ 40 செ.மீ. விட்டமுடையது, மாநகரப் பேருந்தின் சக்கரமோ ஏறத்தாழ ஒரு மீட்டர். சாலையின் குறுக்கே 20 செ.மீ. அகலமுள்ள ஆழமான பள்ளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், ஆட்டோவின் சக்கரம் அதற்குள் ஏறத்தாழ 2.7 செ.மீ. இறங்கும், பேருந்தின் சக்கரம் ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். நம் ஊர் மாட்டுவண்டிகளுக்கு ஆளுயரச் சக்கரம் அமைத்த தச்சர்கள் வட்டத்தின் இக்கணக்கை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின், காருக்குப் பெரிய சக்கரம் பூட்டியவர் ஏன் முதுகுவலியோடு திரும்புகிறார்? விடை டயரின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

பல சிறிய கார்களின் டயரில் 165/80 ஆர் 14 என்ற குறியீட்டைக் காணலாம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, டயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம் என்பதைக் காட்டும். அதாவது 132 மி.மீ. ஆர் என்னும் எழுத்து டயரின் உள்ளமைப்பு வகையைச் சுட்டும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களைக் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. ஆகிறது.

குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் கார் உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. பளபளக்கும் 16 அங்குல அலாய் ரிம்கள் அங்கே கண்ணைக் கவரும். அவற்றுக்குப் பொருந்தும் 195/55 ஆர் 16 டயரின் கணக்கைப் பார்ப்போம். பக்கச்சுவர் 107 மி.மீ.; முழு விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. எனவே சக்கரம் பெரிதாகவே இல்லை! இரும்போ அலுமினியமோ ஆகிய கெட்டிப்பகுதி மட்டும் வளர்ந்திருக்கிறது. சாலைக்கும் ரிம்முக்கும் இடையே இருந்த மெத்தை 25 மி.மீ. குறைந்திருக்கிறது. குழியைக் கடப்பதில் எந்த நன்மையும் கிட்டவில்லை. அடியைத் தாங்கும் உயரம் மட்டும் இழக்கப்பட்டுவிட்டது.

எடையும் ஒரு காரணமாகும். அலாய் என்றாலே இலேசு என்று எண்ணுவது வழக்கம். ஒரே அளவில் அது பெரும்பாலும் சரியே. ஆனால் இரண்டு அங்குலம் பெரிய ரிம்மும் அகன்ற டயரும் சேர்ந்தால் பழைய சக்கரத்தைவிடக் கனமாகிவிடுவது உண்டு. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. கனமான சக்கரம் மேட்டில் மோதி எழும்பும்போது அதனை அடக்க ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் மிகுதியாகப் பாடுபட வேண்டும்.

இதனைச் சரிசெய்ய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது காற்றழுத்தம். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்ட தாளில் உரிய அளவு இருக்கும். ரிம் வளைந்துவிடுமோ என்று அஞ்சி அதற்கு மேல் காற்றடைப்பவர் தாமே மெத்தையைக் கல்லாக்குகிறார். மென்மை வேண்டிக் காற்றைக் குறைப்பதோ அதனினும் தீது. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து, டயரில் கொப்புளம் போன்ற வீக்கம் தோன்றும். அத்தகைய டயர் விரைவுச்சாலையில் வெடித்தால் உயிருக்கே ஊறு நேரும். அதனை உடனே மாற்றிவிட வேண்டும். அழுத்தத்தை வண்டி சில மணிநேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்; ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

அடுத்து, குலுக்கல் எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். நல்ல சாலையிலும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால், சக்கரத்தின் எடைச் சமநிலையில் குறை இருக்கலாம். ரிம்மின் நடுத்துளை அச்சில் சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். வீல் பேலன்சிங் செய்யும் கடையில் இது தெரிந்துவிடும். மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தால் அதிர்வுதாங்கி தேய்ந்திருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தும் சிறு கல்லும் முதுகில் தெரிகிறது என்றால், குறை டயரின் உயரத்தில்தான் உள்ளது. ஸ்பிரிங்கை வெட்டுவதும் மாற்றுவதும் அதற்கு மருந்தாகா.

அந்நிலையில் ரிம்மை ஓர் அங்குலம் குறைப்பதே தக்க வழி. காரின் உற்பத்தியாளர் அளித்துள்ள பட்டியலில் 185/65 ஆர் 15 அளவு இருக்குமானால், அதனைப் பூட்டலாம். பக்கச்சுவர் 120 மி.மீ. ஆகிறது, இழந்த மெத்தையில் பாதி திரும்பக் கிடைக்கிறது. முழு விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. ஆகவே நிற்பதால் வேகமானி காட்டும் எண்ணும் பிறழாது. பட்டியலில் இல்லாத அளவைப் பூட்டுவது சட்டச் சிக்கலுக்கும் இடமளிக்கலாம். உற்பத்தியாளரின் மூல வரையறைக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே கடைக்குப் புறப்படும் முன் காரின் கையேட்டைத் திறந்து, அதில் டயர் அளவுகள் அச்சிடப்பட்ட பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நன்று.