நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

பஞ்சாபில் ஹெராயினைச் 'சிட்டா' என்பார்கள். வெள்ளை என்று பொருள். அபினிலிருந்து செய்வது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கும். வாந்தி, பேதி வரும். தூக்கம் வராது. மறுபடி அதையே தேடிப் போவார்கள். 'மனசு வைத்தால் விடலாம்' என்று சொல்வது நமக்குச் சுலபம்!

இதற்கு மருந்து உண்டு. பெயர் பியூப்ரநார்ஃபின். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். விழுங்கினால் பலன் குறைவு. முறுக்கலும் ஏக்கமும் அடங்கும். வேலைக்குப் போகலாம். பஞ்சாப் அரசு 2017-இல் இதற்கென்றே கிளினிக்குகள் திறந்தது. அங்கே மாத்திரை இலவசம்.

ஒரு லாரி டிரைவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிட்டாவை விட நினைக்கிறார். ஆனால் இரவில் சாராயம் குடிக்கிறார். தூக்க மாத்திரையும் போடுகிறார். 'முதலில் குடியை விடு, பிறகு வா' என்று அவரை அனுப்பலாமா?

கூடாது. அனுப்பினால் சிட்டாவுக்கே போவார். கூடவே சாராயமும் இருக்கும். அதுதான் பெரிய ஆபத்து. மருந்தைக் கொடுத்து, குடிக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

சாராயம், தூக்க மாத்திரை, இந்த மருந்து மூன்றுமே மூச்சை மந்தமாக்கும். ஒன்றுசேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். ஆகவே டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. பயந்துபோய்க் குடியையோ தூக்க மாத்திரையையோ தானாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. வலிப்பு வரலாம். டாக்டர் பார்த்துக் குறைப்பார்.

வீட்டில் இருப்பவர்களே, எழுப்பியும் அவர் எழவில்லையா? உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா? உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். போதையை விட வழி கேட்க 14446. அதற்குக் காசு இல்லை.