வால்வின் நாதமும் கணக்கின் நாதமும்

எலெக்ட்ரிக் கிதாரைத் தனியே எடுத்துக்கொண்டால் அது பாதி வாத்தியம்தான். கெட்டியான மரப்பலகைமேல் இழுத்துக் கட்டிய எஃகுத் தந்தியை மீட்டினால் அருகில் அமர்ந்திருப்பவருக்கே சரியாகக் கேளாது. தந்தியின் அசைவைப் பிக்கப் என்னும் காந்தச் சுருள் மின்சாரமாக்கி, அந்தச் சொற்ப மின்சாரத்தை ஆம்பிளிஃபயர் பன்மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிய பிறகே அது சங்கீதமாகிறது. ஆதலால், கண்ணாடி வால்வுகள் கொண்ட பழைய ஆம்பிளிஃபயர் சிறந்ததா, அதன் குணங்களையெல்லாம் கணக்கிட்டு ஒரு சிறு பெட்டிக்குள் உண்டாக்கிக் காட்டும் டிஜிட்டல் மாடலிங் சிறந்ததா என்று கிதார் வித்வான்கள் ஓயாமல் வாதிடும்போது, தங்கள் வாத்தியத்தின் மறுபாதியைப் பற்றியே வாதிடுகிறார்கள்.

நம் வீடுகளில் முன்பு இருந்த வால்வு ரேடியோவை அறிந்தவர்களுக்கு இந்தக் கண்ணாடிக் குமிழ் புதிதல்ல. 1906-ல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் கண்ட உபாயம் இதுதான்: காற்றை வெளியேற்றிய குமிழுக்குள், சூடேறிய கேத்தோடிலிருந்து பிளேட்டை நோக்கி ஓடும் எலெக்ட்ரான் பிரவாகத்தின் நடுவே ஒரு கம்பி வலையை வைத்தால், அந்த வலைக்கு வரும் சிறு மின்னசைவு பிளேட்டில் பேரசைவாக வெளிப்படும். ஆனால் வால்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் சக்திக்கு மீறிப் பெருக்கச் சொன்னால் ஒலியலையின் முகடு மழுங்கத் தொடங்கும். எஞ்சினியர்கள் இதைக் குற்றம் என்று கருதி ஒதுக்கப் பார்த்தார்கள். கிதார் வாசிப்பவர்களோ இந்தக் குற்றத்தைத்தான் தங்கள் கலையின் பிரதான லக்ஷணமாக்கிக் கொண்டார்கள்.

டிஸ்டார்ஷன் எனப்படும் இந்த மழுங்கலின்போது அலையில் இல்லாத ஸ்வரங்கள் பிறக்கின்றன. விநாடிக்கு 110 முறை அதிரும் தந்தியோடு 220, 330, 440 என்ற மேல்ஸ்வரங்களும் வலுப்பெற்று நாதம் தடிக்கிறது. இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் விசேஷம் இன்னும் அதிகம்: 110-ம், அதன் பஞ்சமமாகிய ஏறக்குறைய 165-ம் சேர்ந்து ஒலிக்கையில், அவ்விரண்டின் வித்தியாசமாகிய 55 என்ற ஸ்வரம், எவரும் மீட்டாமலே, கீழ் ஸ்தாயி ஸட்ஜமாக அடியில் எழுந்து நிற்கிறது. பஞ்சமத்துக்குப் பதிலாக அந்தரகாந்தாரத்தை வைத்தால், கிதாரின் ஃபிரெட் அமைப்பில் அந்த ஸ்வரம் சுத்த விகிதத்தைவிடச் சற்று உயர்ந்து 138.6-ல் நிற்பதால், பிறக்கும் 28.6 ஆதார ஸ்வரத்தோடு உறவில்லாமல் உறுமும். ராக் கிதாரிஸ்டுகள் பலத்த டிஸ்டார்ஷனில் ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் சேர்த்து வாசிப்பதன் ரகசியம் இதுவே. இதோடு, தந்தியை ஓங்கி மீட்டிய கணத்தில் வால்வுகளுக்கு ஊட்டும் மின்னழுத்தம் சற்றே தளர்ந்து மறுபடி நிமிர்வதால், ஸ்வரம் முதலில் அமுங்கிப் பின்பு மலர்கிறது. விரல் இதை உடனே உணர்ந்து, அடுத்த மீட்டலின் அழுத்தத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது.

இத்தனையையும் எண்களால் செய்து காட்டுவது எளிதன்று. 1998-ல் லைன் 6 கம்பெனி வெளியிட்ட பாட் என்ற கைக்கடக்கமான சிவப்புப் பெட்டி, பல ஆம்பிளிஃபயர்களின் நாதத்தை ஒரே கருவியில் அடக்கி இந்த வித்தையைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் தேர்ந்த காது அதன் வறட்சியைக் கண்டுபிடித்துவிடும். வறட்சிக்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருந்தது. ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து எழுதும் யந்திரம், 24,000-க்கு மேற்பட்ட அதிர்வுகளை எழுத இயலாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல்ஸ்வரங்கள் அந்த எல்லையைத் தாண்டும்போது மறைந்துவிடாமல் மடங்கித் திரும்பி, எந்த ஸ்வரத்தோடும் சேராத கரகரப்பாகக் கீழே வந்து விழும். இதைத் தவிர்க்க, உள்ளே பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டுப் பின்பு குறைக்க வேண்டும். அதற்கு வேகமான சிப்புகள் வரவேண்டியிருந்தது. அவை வந்தன. ஆக்ஸ்-எஃப்எக்ஸ் போன்ற கருவிகள் வால்வுச் சர்க்கியூட்டின் ஒவ்வோர் உறுப்பையும் கணக்கிடுகின்றன. ஜெர்மானியக் கெம்பரோ அசல் ஆம்பிளிஃபயருக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, மைக்கின் வழியே பதிலைக் கேட்டு அதன் சாயலைக் கிரகிக்கிறது. இன்று நியூரல் நெட்வொர்க்குகள் அசலின் உள்ளமைப்பையே அறியாமல், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டுக் கற்றுக்கொள்கின்றன.

ரெக்கார்டிங்கில் கேட்டால் இன்றைய மாடலையும் அசலையும் பிரித்தறிவது அநேகமாக அசாத்தியம் என்பதே என் அபிப்பிராயம். தாமதம் பற்றிய புகாரும் பெரும்பாலும் வலுவற்றது. பெட்டி கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரம் மூன்று மில்லிசெகண்டு என்றால், அந்த நேரத்தில் ஒலி காற்றில் கடக்கும் தூரம் சுமார் ஒரு மீட்டர். மேடையில் தம் ஆம்பிளிஃபயரை விட்டு நான்கடி தள்ளி நிற்பவர் இதைவிட அதிகத் தாமதத்தைத் தம்மை அறியாமலே ஏற்கிறார். உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. உரக்க ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு எதிரே நிற்கும்போது, காற்றின் அதிர்வு தந்தியையே மறுபடி அசைத்து, ஸ்வரத்தை அணையவிடாமல் நீட்டித்துக்கொண்டே போகும். ஹெட்ஃபோனில் வாசிப்பவருக்கு இந்த பாக்கியம் இல்லை. ஆனால் அதே மாடலிங் பெட்டியைப் பவர் ஆம்புக்கும் கிதார் ஸ்பீக்கருக்கும் இணைத்தால் அது பெருமளவு திரும்ப வந்துவிடுகிறது. வால்வின் மகிமை என்று பலர் புகழ்வதில் ஒரு பாதி ஸ்பீக்கரின் மகிமை, அறையின் மகிமை.

எனக்குள்ள மனத்தாங்கல் இவற்றில் எதைப் பற்றியதும் அன்று. 1962-ல் லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான் என்ற ரிப்பேர்காரரையும் டட்லி க்ரேவன் என்ற இளைஞரையும் கொண்டு, கலிபோர்னியாவிலிருந்து வந்த ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பிளிஃபயரை அப்படியே நகலெடுக்க முயன்றார். சர்க்கியூட் ஏறத்தாழ அதேதான். ஆனால் முதல் வால்வின் இடத்தில் வேறு ரகம் வந்தது; திறந்த பெட்டியில் பத்து அங்குல அமெரிக்க ஸ்பீக்கர் நான்கு இருந்த இடத்தில், மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் நான்கு வந்தன; பின்னர் பவர் வால்வும் பிரிட்டிஷ் கேடி66 ஆயிற்று. கைக்குக் கிடைத்த சாமான்களால் நகல் வழி தவறியது. வழி தவறியதனால் உலகம் அதுவரை கேளாத நாதம் பிறந்தது. 1966-ல் ஜான் மேயலின் ப்ளூஸ் குழுவில் கிதாரிஸ்ட் எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்பிளிஃபயரை ஸ்டூடியோவில் உரக்க வைத்து வாசித்தபோது, அது ஒரு தலைமுறையின் கிதார் நாதமாகவே ஆகிவிட்டது. டிஜிட்டல் நகலோ வழி தவறுவதே இல்லை. அதனால் அது அறுபதாண்டுப் பழைய நாதங்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. எந்தக் கண்ணாடிக் குமிழாலும் இயலாத வடிவத்தில் அலையை வளைக்கும் வல்லமை அந்தச் சிப்புக்கு இருக்கையில், பழையதன் பிரதிபிம்பத்தையே அதனிடம் நாம் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

ஆயினும், புதிதாகக் கற்பவர் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் மாடலிங்கையே சொல்வேன். வோக்ஸ் ஏசி30 போன்ற வால்வு ஆம்பிளிஃபயரின் எடை 30 கிலோவுக்கு மேல்; அதன் நல்ல நாதம் வருவதற்குள் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் விழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரை இணைக்க மறந்து வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கி உயிருக்கு ஆபத்தாக முடியலாம். வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளோ ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளையும், கிதாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓர் எளிய ஆடியோ இன்டர்ஃபேஸையும் வைத்துக்கொண்டால், கையிலிருக்கும் கம்ப்யூட்டரிலேயே மார்ஷலையும் வோக்ஸையும் ஃபெண்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பார்த்து, தம் விரலுக்கு எது இசைகிறது என்று ஒரு மாணவர் கண்டுகொள்ளலாம்.