ஈரக் காற்றுக்கு ஏற்ற இரட்டை அலகுக் கத்தி

சட்டைப் பையில் அடங்கும் மரபான மடக்குக் கத்தியில் பூட்டு எதுவும் இல்லை. பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டை ஒன்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அலகின் அடிக்கட்டை சதுரமாக இழைக்கப்பட்டிருக்கும். அலகைத் திருப்பும்போது அடிக்கட்டையின் மூலை பட்டையை நெம்பி வளைக்கும்; மூலை கடந்ததும் பட்டை மீண்டு, ‘டக்’கென்று அலகைப் பிடித்துக்கொள்ளும். திறந்து நிற்பதும் மூடிக் கிடப்பதும் இந்த அழுத்தத்தால்தான். இழுத்து அறுக்க, சீவ, தோலுரிக்க இது போதும். முனையை ஊன்றிக் குத்தினாலோ அலகு விரல்மேல் மடங்கிவிடும்.

ஒரே கத்தியில் இரண்டு அலகு வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. நன்றாகத் தீட்டிய கூரின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. அட்டைப் பெட்டியில் கலந்திருக்கும் களிமண், சுண்ணாம்புத் துகள்கள் அந்த விளிம்பை அரைத்துவிடும். ஒட்டுநாடாவின் பசையும் அதில் படியும். மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் தெருவில் பூச்சரம் கட்டிய நூலை அறுத்த அலகாலேயே அடுத்த நிமிடம் மாம்பழம் நறுக்குவது சுத்தமும் அல்ல, கத்திக்கு நல்லதும் அல்ல. நீண்ட அலகைப் பழத்துக்கும் உணவுக்கும், சிறியதை நூல், கயிறு, அட்டைக்கும் என்று பிரித்துக்கொள்வதே இந்த அமைப்பின் முழுப் பயன்.

அலகுகள் ஒரே முனையில் அடுத்தடுத்து மடங்கும் கத்தி பருமனாக இருக்கும். எதிரெதிர் முனைகளிலிருந்து மடங்கும் வகையில் இரண்டும் ஒரே பட்டையைப் பகிர்ந்துகொள்ள முடிவதால் பிடி மெலிந்து, பையில் உறுத்தாமல் கிடக்கும். ஓலை எழுதிய தமிழர்களின் மடக்கெழுத்தாணியும் ஏறக்குறைய இப்படித்தான்: ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை வாரும் கத்தி.

தேர்வில் பெரிய கேள்வி எஃகு. கார்பன் மிகுந்தால் எஃகு கடினமாகி, கூர் நெடுநாள் நிற்கும். தென்னிந்திய உலைகளில் மூசையில் வைத்து உருக்கிய எஃகில் கார்பன் 1 முதல் 2 விழுக்காடுவரை இருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போன இந்திய எஃகுத் துண்டு ஒன்றை ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் பேனாக்கத்தியாக அடித்தார். சிறந்த எஃகுக் கத்திக்கு அது சளைக்கவில்லை என்று ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரை சொல்கிறது.

அந்தப் பெருமைக்குரிய உயர் கார்பன் எஃகுக்குத் துருதான் எதிரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. கிள்ளான் துறைமுகப் பக்கம் மலாக்கா நீரிணையின் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. போதாததற்குச் சட்டைப் பையின் வியர்வை. கார்பன் எஃகு அலகில் எலுமிச்சை நறுக்கினால் நிமிடங்களில் சாம்பல் நிறம் படரும், அதனால் கெடுதலில்லை. ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாள் வருவது செந்துரு.

குரோமியம் 10.5 விழுக்காட்டைத் தாண்டினால் எஃகின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் உண்டாகிறது. கீறல் விழுந்தாலும் அது தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் உருக்கிய எஃகின் அடிப்படை இதுவே. ஆனால் கார்பன் கூடும்போது அது குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதி துருவைத் தடுக்க உதவாது. அரை விழுக்காடு கார்பனும் 14 விழுக்காடு குரோமியமும் கொண்ட அலகு, நீடிக்கும் கூர், துருத்தடுப்பு இரண்டுக்கும் நடுவான தீர்வு. விக்டோரினாக்ஸ் நிறுவனக் கத்திகளின் அலகுகள் இந்த இனத்தவை. ராக்வெல் அளவில் அவற்றின் கடினம் 56. கூர் சற்று விரைவாக மழுங்கும், சாணையில் எளிதாகத் திரும்பும். இந்தத் தட்பவெப்பத்துக்கு இதுவே சரி. கார்பன் எஃகின் அழகில் மனம் வைத்தவர்கள் அன்றாடம் துடைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பிடியின் உட்தகடு பித்தளையாக இருந்தால் உப்பும் ஈரமும் சேரும்போது அதை ஒட்டிய இரும்பு இன்னும் வேகமாக அரிக்கப்படும். அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தகடு மேல். வாங்கும்போது கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே கீற்று தெரியக் கூடாது. திறந்த அலகு பக்கவாட்டில் ஆடவும் கூடாது. மடக்கிய பின் முனை பிடிக்குமேல் தலைநீட்டவும் கூடாது.

பழச்சாறு தங்குவது மூட்டில். வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும்; குளிரூட்டிய அலுவலகத்தில் அது மூட்டுக்குள்ளேயே கட்டிப்படும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின் ஏற்றது. தீட்டும்போது அலகைக் கல்லுக்குச் செங்குத்தாக நிறுத்தி, அக்கோணத்தைப் பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கினால் 22.5 டிகிரி வரும். அதிலிருந்து சற்றே சாய்த்தால் போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமான நோக்கமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பவருக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். காயம் விளைவிக்கக்கூடிய கருவி எதுவும் இதில் அடங்கும்; அளவு சிறியது என்பது மட்டும் பாதுகாப்பாகாது. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியை அறவே தவிர்க்க வேண்டும். நகத்தால் இழுத்துத் திறக்கும் சிறு கத்தியையும் வேலைக்கோ சமையலுக்கோ தேவைப்படும் நாளில் மட்டும், மற்றக் கருவிகளோடு பைக்குள் வைத்துக் கொண்டுபோவதே முறை. கூட்டம், ஊர்வலம், இரவுக் கேளிக்கை போன்றவற்றுக்கு அது வீட்டிலேயே இருக்கட்டும். விமானப் பயணத்தில் சரக்கோடு அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும்.